இலையில் கிடைத்த இளஞ்சிவப்பு பாக்டீரியா: 16எஸ் 99.6% என்று வந்தால் பெயர் வைத்துவிடலாமா?

நாற்றங்கால் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேளாண் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். நெல் இலையில் வாழும், மெத்தனாலைத் தின்று வளரும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுப்பதுதான் ஆய்வேடு. முறை பழையதுதான். அம்மோனியம் கனிம உப்பு அகாரில் 0.5% மெத்தனாலும், பூஞ்சையைத் தடுக்க சைக்ளோஹெக்சமைடும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, கோ 51 நெல்லின் இலையை அதில் அழுத்தி எடுத்துவிடுவேன். ஒரு வாரத்தில் இலை படிந்த இடம் முழுக்க, நரம்பு ஓடிய கோடு தெரிகிற மாதிரி, இளஞ்சிவப்புப் புள்ளிகள் வந்துவிடும்.

ஒரு காலனியை எடுத்துச் சுத்தம் செய்து டிஎன்ஏ எடுத்து, பாக்டீரியாவை அடையாளம் காண எல்லோரும் பார்க்கும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை பிசிஆரில் பெருக்கி, அதன் எழுத்துகளைப் படிக்க வெளியே வரிசையாக்கத்துக்கு அனுப்பினேன். பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்டில் போட்டால் 99.6% பொருத்தம். சிக்கல் என்னவென்றால், அதே 99.6-இல் நான்கைந்து மெத்திலோபாக்டீரியம் இனங்கள் வரிசையாக நிற்கின்றன. சீனியர்கள் "முதலில் வருகிற பெயரை எழுது, எல்லோரும் அப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இரண்டாவது கேள்வி: வளர்க்காமல், இலையை அப்படியே அரைத்து டிஎன்ஏ எடுத்து, உள்ளே இருக்கும் எல்லா பாக்டீரியாவையும் ஒரே மூச்சில் பார்க்க நினைக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

---

பழைய பிளேட்

தம்பி, பெயருக்குப் போகுமுன் கேட்கிறேன். வரிசை எத்தனை எழுத்து நீளம்? ஒரு பக்கம் மட்டும் ஓட்டினார்களா, இரண்டு பக்கமுமா? குரோமட்டோகிராம் கோப்பை, அதாவது ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிறச் சிகரமாகத் தெரியும் வரைபடத்தை, நீங்களே திறந்து பார்த்தீர்களா?

---

நாற்றங்கால்

27எஃப் பிரைமரில் (மரபணுவின் தொடக்கத்தில் ஒட்டும் குட்டை டிஎன்ஏ துண்டு) ஒரு பக்கம் மட்டும் சார். 820 எழுத்து. குரோமட்டோகிராம் கோப்பு அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் திறக்கவில்லை.

---

பழைய பிளேட்

சரி, இப்போது திறங்கள். 16எஸ் மரபணுவின் முழு நீளம் சுமார் 1,500 எழுத்து. சாங்கர் முறையில் ஒரு ஓட்டத்தில் நம்பிப் படிக்கக் கிடைப்பது 700 முதல் 900 வரை. ஆரம்பத்தில் 30, 40 எழுத்து குப்பையாக இருக்கும். அப்புறம் பச்சை, நீலம், கறுப்பு, சிவப்பு என்று ஒவ்வொரு சிகரமும் தனித்தனியாக, சீராக நிற்கும். கடைசியில் சிகரங்கள் அகன்று, குட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்று சாயத் தொடங்கும். அங்கே இயந்திரம் எழுத்தை ஊகித்துத்தான் போடும்.

இப்போது கணக்குப் பாருங்கள். 820-இல் 99.6% என்றால் வித்தியாசம் மூன்றே எழுத்து. அந்த மூன்றும் கடைசி 50 எழுத்துக்குள் விழுந்திருந்தால், உங்கள் பாக்டீரியாவுக்கும் அந்த இனத்துக்கும் இடையே வித்தியாசம் இருக்கிறதா என்பதே தெரியாது. பிளாஸ்டுக்கு சிகரம் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. நடுவில், சுத்தமான பகுதியில், ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரம் ஒன்றின் கீழ் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வரிசை நெடுக அப்படி வந்தால் காலனி சுத்தமில்லை, இரண்டு பாக்டீரியா கலந்திருக்கிறது, மறுபடி கோடு இழுத்துப் பிரியுங்கள். ஓரிரு இடத்தில் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரே பாக்டீரியாவுக்குள்ளேயே 16எஸ் பல பிரதிகள் இருக்கும். மெத்திலோபாக்டீரியம் எக்ஸ்டார்குவன்ஸில் ஐந்து. பிரதிகளுக்குள் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இரட்டைச் சிகரம் வரும்.

1492ஆர் பிரைமரில் மறுபக்கமும் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டையும் நடுவில் பொருத்தி ஒட்டினால் முழு நீளம் கிடைக்கும். ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ பட்டை) மங்கலாக வந்தால் பிசிஆர் கலவையில் கொஞ்சம் டிஎம்எஸ்ஓ சேருங்கள். இந்தக் கூட்டத்தின் டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். இழை பிரிய அடம் பிடிக்கும்.

பின்குறிப்பு: நுண்ணோக்கியில் பார்த்தீர்கள்தானே? இலையில் இளஞ்சிவப்பாக வருவதெல்லாம் மெத்திலோபாக்டீரியம் இல்லை. ரோடோடோருலா என்ற ஈஸ்ட்டும் அதே நிறம்தான். சைக்ளோஹெக்சமைடு போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் விட்டுவிடாதீர்கள்.

---

கணினிக்காரி

பழைய பிளேட் சார் சொன்னதெல்லாம் செய்து, 1,450 எழுத்து சுத்தமாகக் கிடைத்தாலும் கேள்வி தீராது. மெத்திலோபாக்டீரியத்தில் பல இனங்களின் 16எஸ் ஒன்றுக்கொன்று 99 சதவீதத்துக்கு மேல் பொருந்தும். அந்த மரபணுவில் அதற்கு மேல் தகவல் கிடையாது.

16எஸ்ஸை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். 1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அதை வைத்துத்தான் ஆர்க்கியா என்ற தனிக் கிளையையே கண்டுபிடித்தார்கள். எல்லா உயிரிலும் இருக்கிறது, மெதுவாக மாறுகிறது, அதனால் கோடிக்கணக்கான ஆண்டு தூரத்தை அளக்கலாம். அதே காரணத்தால், நேற்றுப் பிரிந்த அண்ணன் தம்பியை அது பிரித்துக் காட்டாது.

16எஸ் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு இனம் என்ற எல்லைக்கோடும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1994-இல் ஸ்டாக்கப்ராண்ட், கோபல் இருவரும் 97% என்றார்கள். பிறகு முழு மரபணுத்தொகைகள் (ஜீனோம்) குவிந்ததும் 2014-இல் 98.65% என்று கணக்கிட்டார்கள். இங்கேதான் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். 98.65-க்குக் கீழே என்றால் வேறு இனம் என்று தைரியமாகச் சொல்லலாம். மேலே என்றால் ஒரே இனம் என்று பொருள் இல்லை. மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்றுதான் பொருள்.

ஓர் உதாரணம். 2015, 2016-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் உள்பரப்புகளைத் துடைத்து எடுத்ததில் மூன்று மெத்திலோபாக்டீரியம் ஸ்ட்ரெய்ன்கள் (இனத்துக்குள் தனித்தனியாகப் பிரித்தெடுத்த வகைகள்) கிடைத்தன. 16எஸ்படி அவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் மெத்திலோபாக்டீரியம் இண்டிகம், அதாவது இந்தியாவில் நெல் விதையிலிருந்து எடுத்து 2016-இல் பெயரிடப்பட்ட இனம். முழு மரபணுத்தொகையை ஒப்பிட்டபோதோ இன எல்லைக்குள் வரவில்லை. 2021-இல் புது இனமாக அறிவித்து மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி என்று பெயர் வைத்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பல்லுயிர் அறிஞர் சையத் அஜ்மல் கானின் பெயர் அது. நம்ம ஊர்க்காரர் பெயர் விண்வெளி பாக்டீரியாவில் இருப்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

எனவே நாற்றங்கால், பிளாஸ்டில் முதலில் வருகிற பெயரை எழுதாதீர்கள். அந்தப் பெயர் வரிசையைப் பதிவேற்றியவர் தானே போட்டது. அவரும் உங்களைப் போலவே ஒரு முதல் வரியைப் பார்த்து எழுதியிருப்பார். டைப் ஸ்ட்ரெய்ன்களோடு, அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது அதன் மாதிரியாகக் குறித்தவற்றோடு, மட்டும் ஒப்பிடும் தெரிவு பிளாஸ்டிலேயே உண்டு, அதை டிக் செய்யுங்கள். ஈஸிபயோகிளவுட் தளமும் அதற்குத்தான். இனத்தின் பெயர் கடைசியில் ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெய்னோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஸ்ட்ரெய்னோடு ஒப்பிடாத எந்தச் சதவீதமும் காற்றில் எழுதியதுதான்.

---

நாற்றங்கால்

நன்றி அக்கா. மறுபக்கத்துக்கும் அனுப்பிவிட்டேன். குரோமட்டோகிராம் பார்த்தேன், மூன்று வித்தியாசத்தில் இரண்டு 790-க்கு மேலே, சிகரம் சாய்கிற இடத்தில்தான் இருக்கின்றன!

அப்படியானால் ஆய்வேட்டில் என்ன பெயர் எழுதுவது?

---

கணினிக்காரி

முழு மரபணுத்தொகை வரிசையாக்கம் செய்யும்வரை "மெத்திலோபாக்டீரியம் இனம்" என்று எழுதி, பக்கத்தில் உங்கள் ஸ்ட்ரெய்ன் எண்ணைப் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறான இனப்பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

பணம் இருந்தால் மரபணுத்தொகைக்கே போய்விடுங்கள். இப்போதெல்லாம் ஒரு பாக்டீரியாவுக்கு அது பெரிய செலவில்லை. கிடைத்ததும் டைப் ஸ்ட்ரெய்ன்களின் மரபணுத்தொகையோடு சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை பாருங்கள், எல்லோரும் ஏஎன்ஐ என்பார்கள். 95 முதல் 96-க்கு மேல் வந்தால் அதே இனம். இந்த எண் வானத்திலிருந்து குதித்ததில்லை. முன்பு இரண்டு பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரித்து, ஒன்றோடு ஒன்று எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். 1987-இல் ஒரு குழு கூடி 70% ஒட்டினால் ஒரே இனம் என்று வைத்தது. அந்த 70-க்கு ஈடாகத்தான் ஏஎன்ஐயில் 95 வந்தது.

ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட் நுண்ணுயிர்ச் சேகரிப்பு நடத்தும் டைக்ஸ் என்ற இலவசத் தளத்தில் மரபணுத்தொகையை ஏற்றினால் நெருங்கிய டைப் ஸ்ட்ரெய்ன்களை அதுவே தேடி ஒப்பிட்டு மரம் வரைந்து தந்துவிடும். ஏற்றும் முன் செக்எம் மென்பொருளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

---

கரிசல் பம்புசெட்

நான் விவசாயி. புரிந்தவரை படித்தேன். இந்த இளஞ்சிவப்பு பாக்டீரியாதான் பிபிஎஃப்எம் என்று கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பாட்டிலில் தருகிறதா? மழை ஏமாற்றும்போது உளுந்துக்கும் பருத்திக்கும் 1 சதவீதக் கரைசலாக அடித்திருக்கிறேன். பாட்டிலுக்குள் எந்த இனம் இருந்தால் எனக்கென்ன? பயிர் வாடாமல் நின்றால் போதாதா?

---

பழைய பிளேட்

அதேதான் அண்ணே. இலை வளரும்போது செல்சுவரில் உள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் கழன்று இலைத்துளை வழியாக வெளியே வரும். அதைச் சாப்பிட்டுக்கொண்டு இலைமேல் குடியிருப்பவை இவை. அடிக்கும்போது பூச்சிமருந்தோடு கலந்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்வி நியாயமானது. பதிலை ஒற்றைத்துளி சொல்லட்டும், அவருக்கு இதில் ஒரு தீராத கோபம் உண்டு.

---

ஒற்றைத்துளி

கோபமெல்லாம் இல்லை சார், சலிப்பு.

கரிசல் அண்ணன் கேட்டதில் பாதி சரி. பயிருக்கு வேலை செய்வது இனத்தின் பெயர் இல்லை, அந்த ஸ்ட்ரெய்னிடம் இருக்கிற மரபணுக்கள். நான் தாவர நோயியல் ஆள். எங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல சாட்சி அக்ரோபாக்டீரியம். செடியில் கழலை உண்டாக்கும் மரபணுக்கள் முக்கியக் குரோமோசோமில் இல்லை, டிஐ பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கின்றன. 37 டிகிரியில் வளர்த்தால் சி58 ஸ்ட்ரெய்ன் அந்த வளையத்தை இழந்துவிடும். கழலை போடாது. 16எஸ்ஸில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது! நோய் உண்டாக்குவது ஓர் இனம், உண்டாக்காதது வேறு இனம் என்று பழைய புத்தகங்கள் பிரித்து வைத்திருந்தது இதனால்தான் குழம்பிப் போனது.

நியூசிலாந்தில் இன்னும் வேடிக்கை. ஒரு வயலில் லோட்டஸ் என்ற பயறுவகைத் தீவனச் செடிக்கு மீசோரைசோபியம் கலந்து விதைத்தார்கள். சில ஆண்டு கழித்து வேர்முடிச்சுகளில் பார்த்தால் பெரும்பாலும் வேறு வேறு பாக்டீரியாக்கள். போட்ட ஸ்ட்ரெய்ன் தன் முடிச்சு மரபணுக்கள் அடங்கிய, சுமார் 5 லட்சம் எழுத்து நீளமுள்ள துண்டை அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவற்றுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சலிவனும் ரான்சனும் 1995-இல் எழுதினார்கள். முடிச்சு போடும் திறன் வயலில் கைமாறியிருக்கிறது, 16எஸ் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

மெத்திலோபாக்டீரியத்திலும் உண்டு. செனகலில் கிலுகிலுப்பைச் செடியின் வேர்முடிச்சிலிருந்து எடுத்த மெத்திலோபாக்டீரியம் நாடுலன்ஸ் முடிச்சு போட்டு நைட்ரஜனை நிலைநிறுத்தும். அதன் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இலையில் குந்தியிருப்பவர்கள்.

எனவே நாற்றங்கால் 16எஸ்ஸோடு நின்றுவிடாமல் மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் மரபணுவையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதன் வழக்கமான வகை எம்எக்ஸ்ஏஎஃப், அதற்கான பிரைமர் எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். ஆனால் லாந்தனம் மாதிரி அரிய மண் உலோகத்தை வைத்து வேலை செய்யும் எக்ஸ்ஓஎக்ஸ்எஃப் என்ற வகையும் உண்டு. முதலாவது கிடைக்கவில்லை என்பதற்காக "மெத்தனால் உண்ணாது" என்று எழுதிவிடாதீர்கள்.

---

கணினிக்காரி

ஒற்றைத்துளி, பாதி சரி என்றீர்கள். மீதிப் பாதியையும் சொல்லுங்கள். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்று உரக்கடையில் விற்பது உண்மையில் ஒரு பெரிய கூட்டம். அந்தப் பெயரில் உலகம் முழுக்க ஆராய்ந்த பிஎஃப்-5 ஸ்ட்ரெய்ன் இப்போது சூடோமோனாஸ் புரோட்டஜன்ஸ். அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்று விற்றுக்கொண்டிருந்த பேசில்லஸ் எஃப்இசட்பி42 இப்போது பேசில்லஸ் வெலசென்சிஸ். இந்த பேசில்லஸ் கும்பலில் 16எஸ் சுத்தமாக உதவாது. ஜைரேஸ் பி மரபணுவாவது பார்க்க வேண்டும், சூடோமோனாஸுக்கு ஆர்பிஓடி.

ஒரு நிறுவனம் போன வருடம் ஒரு ஸ்ட்ரெய்ன், இந்த வருடம் வேறொன்று என்று மாற்றி ஊற்றினால், லேபிளில் உள்ள இனப்பெயரை வைத்து உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்ட்ரெய்ன் எண் போட்டிருந்தால்தான் கேட்க முடியும். கரிசல் அண்ணே, அடுத்த முறை வாங்கும்போது லேபிளில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

---

சூளகிரி தக்காளி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தோட்டத்தில் தக்காளி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தலை தொங்கிச் சாகிறது. ஒரு ஆய்வகத்தில் மூன்று வருடம் முன்பு ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்றார்கள். இப்போது வேறு இடத்தில் கொடுத்தால் ரால்ஸ்டோனியா சூடோசொலனேசியாரம் என்கிறார்கள். புது நோய் வந்துவிட்டதா?

---

ஒற்றைத்துளி

நோய் பழையதுதான், பாக்டீரியாவும் பழையதுதான். முதலில் ஒன்று செய்யுங்கள். வாடிய செடியின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுப்பக்கம் மட்டும் நனையும்படி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்க விட்டு ஆடாமல் வையுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து வெள்ளையாக, நூல் நூலாக, புகை இறங்குகிற மாதிரி கீழே வழியும். வழிந்தால் பாக்டீரியா வாடல். வழியாமல், தண்டின் உள்பக்கம் பழுப்பு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஃபுசேரியம் பூஞ்சை.

இனி பெயருக்கு வருகிறேன். 1896-இல் எர்வின் ஸ்மித் இதை பேசில்லஸ் என்றார். பிறகு சூடோமோனாஸ், பர்க்கோல்டேரியா என்று மாறி 1995-இல் ரால்ஸ்டோனியா. எந்தச் செடியைத் தாக்குகிறது என்று பார்த்து ரேஸ் 1, 2, 3 என்றும், எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று பார்த்து பயோவார் என்றும் பிரித்தார்கள். இரண்டும் மரபணு உறவோடு ஒத்துப்போகவில்லை. 2005-இல் ஃபீகனும் ப்ரயரும் டிஎன்ஏவை வைத்து நான்கு ஃபைலோடைப்பாக, அதாவது மரபணு உறவுப் பிரிவுகளாக, அடுக்கினார்கள்: முதலாவது ஆசியா, இரண்டாவது அமெரிக்கா, மூன்றாவது ஆப்பிரிக்கா, நான்காவது இந்தோனேசியப் பக்கம். 2014-இல் இதை மூன்று இனங்களாகவே பிரித்துவிட்டார்கள். இரண்டாவது மட்டும் சொலனேசியாரம் என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டது. முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து சூடோசொலனேசியாரம். நான்காவது சிசிஜியை. உங்கள் தோட்டத்தில் இருப்பது ஆசிய வகையாக இருக்கும், அதனால் பெயர் மாறியிருக்கிறது.

கண்டுபிடிப்பதும் எளிது. ஒரே குழாயில் பல பிரைமர் போடும் பிசிஆர். 280 எழுத்து நீளப் பேண்ட் எல்லா வகைக்கும் வரும். கூடவே 144 வந்தால் முதல் ஃபைலோடைப், 372 என்றால் இரண்டு, 91 என்றால் மூன்று, 213 என்றால் நான்கு. ஜெல்லில் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். இதற்கு வரிசையாக்கமே வேண்டாம்.

இதில் பெயர் வெறும் பேப்பர் சமாச்சாரம் இல்லை, கரிசல் அண்ணன் கேள்விக்கும் இதுதான் மீதிப் பதில். இரண்டாவது ஃபைலோடைப்பில் குளிர் தாங்கும் ஒரு பிரிவு உருளைக்கிழங்கைப் பழுப்பாக அழுக வைக்கும். அமெரிக்கா அதைக் கடுமையான கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2020-இல் குவாத்தமாலாவிலிருந்து வந்த ஜெரேனியம் பூச்செடியில் அது இருப்பதாகத் தெரிந்ததும் பல மாநிலங்களின் பசுமைக்குடில்களில் செடிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். அதே பேரினத்தின் ஆசிய வகை என்றால் அந்த நடவடிக்கை கிடையாது. 16எஸ் மட்டும் வைத்து இந்த முடிவை யாரும் எடுக்க மாட்டார்கள்.

---

சூளகிரி தக்காளி

தம்ளரில் நூல் நூலாகத்தான் இறங்கியது ஐயா. ஃபைலோடைப் சோதனை கேட்டிருக்கிறேன்.

---

பழைய பிளேட்

நாற்றங்காலின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. இலையை அரைத்து டிஎன்ஏ எடுத்து 16எஸ் பிரைமர் போட்டால் என்ன வரும் தெரியுமா? பெரும்பாலும் நெல்தான் வரும். பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆதியில் செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாக்கள்; அவற்றுக்கும் 16எஸ் உண்டு. ஓர் இலைச் செல்லில் பசுங்கணிகம் ஏராளம், ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ பிரதிகள் ஏராளம். பாக்டீரியா அதில் ஒரு சொட்டு. 16எஸ்ஸின் வி3–வி4 பகுதிக்கான பொதுவான பிரைமரோடு இலையில் இறங்கினால் வாங்கிய வரிசையெல்லாம் பசுங்கணிகத்துக்கே போய்விடும்.

2001-இல் செலியஸும் ட்ரிப்ளெட்டும் மக்காச்சோள வேருக்காக 799எஃப் என்ற பிரைமரைச் செய்தார்கள். பசுங்கணிகத்தில் அது ஒட்டாது. மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டும், ஆனால் 1492ஆரோடு சேர்த்தால் அந்தப் பேண்ட் சுமார் 1,090 எழுத்து, பாக்டீரியா பேண்ட் சுமார் 735. ஜெல்லில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தெளிவாகப் பிரியும். கீழே உள்ளதை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். குட்டை வரிசைக்கு 799எஃப்போடு 1193ஆர் போடுகிறார்கள். ஒரு குறை: சயனோபாக்டீரியாவும் இதில் விட்டுப்போகும். நெல் என்பதால் சொல்கிறேன்.

---

கணினிக்காரி

பிஎன்ஏ கிளாம்பும் உண்டு. பசுங்கணிக வரிசைமேல் போய் இறுகப் பிடித்துக்கொண்டு பாலிமரேஸை நகர விடாமல் நிறுத்தும் செயற்கைத் துண்டு. பிரைமரை மாற்றாமலே வேலை நடக்கும், ஆனால் விலை அதிகம். வாங்குமுன் உங்கள் பயிரின் பசுங்கணிக வரிசையோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். ஓரெழுத்து மாறினாலும் பிடி தளர்ந்துவிடும்.

"உள்ளே இருக்கும் பாக்டீரியா" என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் மேல்பரப்பைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். 70% எத்தனால், பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட், பிறகு தண்ணீரில் பல அலசல். கடைசி அலசல் தண்ணீரைத் தட்டில் பரப்பி ஒன்றும் முளைக்கவில்லை என்று காட்டுங்கள். ஆனால் டிஎன்ஏவுக்கு அது போதாது. செத்த பாக்டீரியா தட்டில் முளைக்காது, அதன் டிஎன்ஏ பிசிஆரில் முளைக்கும். அந்தத் தண்ணீரையும், வெறும் கிட் கரைசலையும் தனி மாதிரியாக வரிசையாக்கத்துக்கு அனுப்புங்கள்.

வரும் சதவீதங்களை எண்ணிக்கையாகப் படிக்காதீர்கள். ஒரு பாக்டீரியாவில் 16எஸ் ஒரு பிரதி, இன்னொன்றில் பத்து. பேசில்லஸ் சப்டிலிஸ் பத்துப் பிரதிக்காரர், எப்போதும் ஆளுக்கு மீறிய கூட்டம் காட்டுவார்.

---

ஒற்றைத்துளி

வளராதவற்றை மறந்துவிடக் கூடாது. கத்தரியில் சிற்றிலை, எள்ளில் பூவெல்லாம் இலையாக மாறுவது, இரண்டும் ஃபைட்டோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத பாக்டீரியா. 1967-இல் ஜப்பானில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்வரை இந்த வகை நோய்களை வைரஸ் என்றுதான் நினைத்தார்கள். தட்டில் வளர்த்து டைப் ஸ்ட்ரெய்ன் வைக்க முடியாததால் இன்றுவரை எல்லாம் "கேண்டிடேட்டஸ்" என்ற ஒட்டோடுதான் இருக்கின்றன. வகைப்பாடு பெரும்பாலும் 16எஸ்ஸை நம்பித்தான். நாம் இங்கே இவ்வளவு நேரம் திட்டிய அதே மரபணு.

---

கணினிக்காரி

அதற்காகத்தான் 2022-இல் செக்கோட் என்ற பெயரிடும் விதித்தொகுப்பு வந்தது. வளர்க்க முடியாதவற்றுக்கு மரபணுத்தொகையையே டைப்பாக வைத்து முறையான பெயர் கொடுக்கலாம்.

---

பழைய பிளேட்

எனக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. உறைபெட்டியில் ஒரு குப்பியில் உயிரோடு இருக்கிற பாக்டீரியாவை நாளைக்கு எடுத்து வளர்த்து, புதுச் சோதனை போடலாம். கோப்பில் இருக்கும் எழுத்தை வைத்து என்ன செய்வது? துண்டு துண்டாக ஒட்டிய மரபணுத்தொகையில் பாதி வேறொன்றுடையது என்று பின்னாளில் தெரிந்தால் பெயர் யாருடையது?

---

கணினிக்காரி

குப்பியை வைத்துக்கொண்டும் தடுமாறியிருக்கிறோமே சார். 2018-இல் மெத்திலோபாக்டீரியத்திலிருந்து 11 இனங்களைப் பிரித்து மெத்திலோரூப்ரம் என்று புதுப் பேரினம் வைத்தார்கள். அத்தனைக்கும் டைப் ஸ்ட்ரெய்ன் உயிரோடு இருந்தது. பின்னால் வந்த மரபணுத்தொகை ஆய்வுகள் அந்தப் பிரிப்பை ஏற்கவில்லை, திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். நாற்றங்கால் தேடும்போது எக்ஸ்டார்குவன்ஸ் இரண்டு பேரினப் பெயரிலும் வரும், இரண்டும் ஒரே ஆள்தான்.

---

நாற்றங்கால்

எல்லோருக்கும் நன்றி. மறுபக்க வரிசை வந்தது. ஒட்டியபின் 1,420 எழுத்து. டைப் ஸ்ட்ரெய்ன்களோடு மட்டும் ஒப்பிட்டால் முதலில் வருவது மெத்திலோபாக்டீரியம் இண்டிகம். 99-க்கு மேல் இன்னும் இரண்டு இனங்கள். எம்எக்ஸ்ஏஎஃப் பேண்ட் வந்தது. வழிகாட்டி மரபணுத்தொகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஒருவேளை ஏஎன்ஐ 95-க்குக் கீழே வந்தால், புது இனமாக அறிவிக்க என்ன செய்ய வேண்டும்?

---

பழைய பிளேட்

வரட்டும், அப்புறம் கனவு காணலாம். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. டைப் ஸ்ட்ரெய்னை இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொதுச் சேகரிப்புகளில் வைக்க வேண்டும், யார் கேட்டாலும் தருகிற நிபந்தனையோடு. இங்கே சண்டிகரில் எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பு இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் 2002-இன் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்கீழ் என்ன அனுமதி தேவை என்று தேசிய பல்லுயிர் ஆணையத்தில் கேட்டுவிடுங்கள். அலுவலகம் சென்னை தரமணியில்தான். பலர் கட்டுரை எழுதி முடித்தபிறகு இதைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இன்னொன்று: ஒரே ஒரு ஸ்ட்ரெய்னை வைத்து இனம் அறிவிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அதே தட்டில் இருந்த மற்ற காலனிகளையும் கிளிசரால் போட்டு உறைய வைத்திருக்கிறீர்கள்தானே?

---

நாற்றங்கால்

வைத்திருக்கிறேன் சார். வேறு வயல்களிலிருந்து எடுத்தவையும் இருக்கின்றன.

---

சூளகிரி தக்காளி

ஜெல் படம் அனுப்பினார்கள். 280, 144 இரண்டு பேண்ட். அப்படியென்றால் முதல் ஃபைலோடைப். இதற்கு என்ன மருந்து அடிப்பது?

---

ஒற்றைத்துளி

அடித்துக் குணமாக்க மருந்து கிடையாது, கடைக்காரர் எது தந்தாலும் பணம் தண்டம். வாடிய செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் வாய்க்காலை மாற்றுங்கள். அடுத்த பட்டம் அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம், மக்காச்சோளம் போடுங்கள். தண்ணீர் இருந்தால் நெல்.

மறுபடி தக்காளிதான் என்றால் ஒட்டு நாற்று கேளுங்கள். கத்தரிக்குச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுவார்கள். தக்காளிக்கு உலகக் காய்கறி மையம் வெளியிட்ட ஈஜி 203 மாதிரியான கத்தரி வேர் நன்றாக நிற்கும். ஆனால் எந்த வேரும் எல்லா ஸ்ட்ரெய்னையும் தாங்காது. ஒரே ஃபைலோடைப்புக்குள்ளேயே தாக்கும் வேகம் மாறும். முதலில் இரண்டு பாத்தி மட்டும் ஒட்டு நாற்று வைத்துப் பாருங்கள். நாற்றங்கால்காரரிடம் எந்த வேரில் ஒட்டினார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.